மலையில் போன் எடுக்காது... வாக்கி டாக்கி வாங்கலாமா? பெட்டியில் இருக்கும் கிலோமீட்டரை நம்பாதீர்கள்!

மலையேறக் கிளம்பும் குடும்பம் அடிவாரத்தில் ஒன்றாகத்தான் நிற்கும். முதல் ஏற்றம் முடிவதற்குள் இரண்டாகப் பிரிந்துவிடும். கல்லூரிப் பிள்ளைகள் முன்னால் ஓடுவார்கள். முட்டிவலிக்காரப் பெரியப்பா கம்பை ஊன்றிக்கொண்டு பின்னால் வருவார். அவருக்குத் துணையாக ஒருவர். அரைமணி நேரத்தில் இந்த இரு கூட்டத்துக்கும் நடுவே ஒரு மலைமடிப்பு வந்துவிடும். போனை எடுத்துப் பார்த்தால் சிக்னல் கோடு ஒன்றுகூட இருக்காது.

வெள்ளியங்கிரிக்குப் போய்வந்தவர்களுக்கு இது புதிதல்ல. கோவை பூண்டியில் தொடங்கி ஏழு மலை ஏறி இறங்க வேண்டும். பலர் இரவிலேயே ஏறுகிறார்கள். அந்தப் பாதையில் மூச்சுத்திணறி, நெஞ்சு வலித்து உயிரிழந்தவர்களைப் பற்றி ஒவ்வொரு சீசனிலும் செய்தி வருகிறது. பின்னால் வருபவருக்கு முடியாமல் போனால், மருந்துப் பை எப்போதும் முன்னால் போனவர் தோளில்தான் இருக்கும். 'அங்கேயே நில்லுங்க, அண்ணனுக்கு முடியலை' என்று ஒரு வரி சொல்ல வழியில்லை என்பதுதான் அங்கே உண்மையான ஆபத்து.

அந்த ஒரு வரிக்காகத்தான் பலரும் இப்போது வாக்கி டாக்கியைத் தேடுகிறார்கள். டவர் வேண்டாம், சிம் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம். ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்கு ரேடியோ அலை நேராகப் போகும். பட்டனை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்துக்காக மோட்டோரோலா செய்துகொடுத்த முதல் 'வாக்கி டாக்கி' முதுகில் சுமக்கும் மூட்டையாக இருந்தது. எடை ஏறக்குறைய 16 கிலோ. இன்று சட்டைப் பைக்குள் அடங்குகிறது. விலையும் எட்டும் தூரத்தில்தான். ஆனால், வாங்குவதில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. ஒன்று சட்டம், மற்றொன்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் தூரம்.

முதலில் சட்டம்

இந்தியாவில் ரேடியோ அலைவரிசை அரசின் சொத்து. உரிமம் இல்லாமல் யாரும் எந்த அலைவரிசையிலும் பேசிவிட முடியாது. 2018 அக்டோபரில் வந்த விதிகள் ஒரு சிறு ஜன்னலைத் திறந்தன. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில், குறைந்த சக்தியில் இயங்கும் கையடக்க ரேடியோக்களுக்கு உரிமம் தேவையில்லை. ஆனால், அந்தக் கருவி மாடலுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தரும் இ.டி.ஏ. என்ற ஒப்புதல் சான்று இருக்க வேண்டும். சாதாரணக் குடும்பத்துக்குத் திறந்திருக்கும் எளிய வழி இது.

ஆன்லைனில் தேடினால் வரிசையாக வந்து நிற்பவை எல்லாம் இந்த ஜன்னலுக்குள் அடங்குபவை அல்ல. எந்த அலைவரிசை என்றே சொல்லாமல், உரிமம் வேண்டுமா என்ற தகவலே இல்லாமல் வாக்கி டாக்கிகளை விற்றதற்காக 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 இணைய விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. 'பெரிய தளத்தில்தானே வாங்கினோம்' என்பது இங்கே பாதுகாப்பு அல்ல. விற்பனைப் பக்கத்தில் அலைவரிசை எண்ணும் இ.டி.ஏ. சான்று விவரமும் தெளிவாக இல்லையென்றால், விற்பவரிடம் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் அடுத்த கடை.

கருவியைப் பார்த்தே ஓரளவு ஊகிக்கவும் முடியும். கழற்றி மாட்டக்கூடிய நீள ஆன்டெனா, '5 வாட், 8 வாட்' என்ற விளம்பரம், எந்த அலைவரிசையை வேண்டுமானாலும் தட்டிக்கொள்ள எண் பட்டன்கள்... இவை மூன்றும் இருந்தால் அது உரிமம் தேவைப்படும் ரகம் என்று சந்தேகப்படலாம். மலிவாகக் கிடைக்கும் சீனத் தயாரிப்புகள் பல, ஹாம் எனப்படும் அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கானவை. அவர்கள் அரசுத் தேர்வு எழுதி, தனி அழைப்புக்குறி பெற்றவர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் குழுவினர், தகவல் தொடர்பு அறுந்துபோன அந்தமானிலிருந்து உலகுக்குச் செய்தி அனுப்பியது ஹாம் ரேடியோ வழியாகத்தான். ஆர்வம் இருந்தால் 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள்கூட இந்தத் தேர்வை எழுதலாம், நல்ல பொழுதுபோக்கு. ஆனால், அடுத்த வாரம் மலையேறுவதற்கு அது விடை ஆகாது.

இன்னொரு சிக்கல் சூட்கேஸில் வருகிறது. அமெரிக்காவில் இருக்கும் மகனோ மாமாவோ ஊருக்கு வரும்போது ஒரு ஜோடி வாக்கி டாக்கி வாங்கி வருவார். அங்கே சூப்பர் மார்க்கெட்டில் சாதாரணமாக விற்கும் பொருள்தான். ஆனால், அந்த நாட்டுக் குடும்ப ரேடியோக்கள் 462, 467 மெகாஹெர்ட்ஸில் பேசுபவை. இந்திய விலக்கு அந்த எண்களுக்குக் கிடையாது. ஐரோப்பாவிலிருந்து வருபவை நம்முடைய அதே 446 பட்டையில் இயங்கும் என்றாலும் இந்தியச் சான்று வேண்டும் என்ற நிபந்தனை அப்படியே நிற்கிறது. பாசத்தோடு வந்த பரிசை அலமாரியிலேயே வைத்துவிடுவது நல்லது.

பெட்டியில் 10 கிலோமீட்டர், காட்டில் எவ்வளவு?

இந்த அலைகள் ஏறக்குறைய கண் பார்வையைப் போலத்தான் போகும். இடையில் பாறை வந்தால் நின்றுவிடும். ஈர இலைகள் அடர்ந்த மரக்கூட்டம் வந்தால் தேய்ந்துவிடும். மரமோ மேடோ இல்லாத தட்டையான தரையில்கூட, கையில் ரேடியோவோடு நிற்கும் இரண்டு பேருக்கு இடையே சுமார் 9 கிலோமீட்டர் தாண்டினால் பூமியின் வளைவே குறுக்கே வந்துவிடும். பெட்டியில் போடும் பெரிய எண், மலை உச்சியிலிருந்து பள்ளத்தாக்கில் நிற்பவரோடு பேசுவது போன்ற உத்தமமான சூழ்நிலைக்கு உரியது.

எதிரெதிர் முகடுகளில் நிற்கும் இருவர் அரை வாட் ரேடியோவிலேயே பல கிலோமீட்டர் தாண்டித் தெளிவாகப் பேசிவிடுவார்கள். அதே இருவர் ஒரு பாறை வளைவின் இரு பக்கம் நின்றால் சில நூறு மீட்டரிலேயே கரகரப்புதான் மிஞ்சும். சோலைக்காட்டுக்குள் ஒரு கிலோமீட்டர் கிடைத்தாலே போதும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவது விவேகம். கிளம்பும் முன் வழித்தடத்தின் வரைபடத்தைப் பார்த்து, எங்கே மடிப்பு அதிகம், எங்கே திறந்த புல்வெளி என்று தெரிந்துகொள்வது பெட்டியில் இருக்கும் எண்ணைவிட உதவும்.

'அப்படியானால் வாட்ஸ் அதிகமுள்ளதை வாங்கினால் தூரம் கூடுமே?' என்று தோன்றும். சக்தியை நான்கு மடங்காக்கினால்தான், தடையே இல்லாத வெட்டவெளியில், தூரம் இரண்டு மடங்காகும். காட்டில் அதுவும் கிடைக்காது. பத்தடி மேலே ஏறி நின்று பேசுவது, கூடுதல் வாட்டைவிடப் பல நேரங்களில் அதிகம் தரும். செலவில்லாத வழி, சட்டச் சிக்கலும் இல்லை.

அதனால், உரிமம் தேவையில்லாத மாடல்களுக்குள் தூரத்தை ஒப்பிட்டு மண்டையை உடைத்துக்கொள்வது வீண். எல்லாம் ஏறக்குறைய ஒரே தூரம்தான் போகும். பார்க்க வேண்டியது வேறு சில விஷயங்களை.

பேட்டரிக்குத்தான் முதலிடம். கடையில் கிடைக்கும் பென்சில் பேட்டரி போடக்கூடிய மாடல் மலைக்கு உகந்தது. தீர்ந்தால் மாற்றிவிடலாம். உள்ளேயே பொதிந்த பேட்டரி என்றால், போனுக்குப் பயன்படுத்தும் அதே பவர் பேங்க்கில் சார்ஜ் ஏறுமா என்று கேட்க வேண்டும். தனிச் சார்ஜர் தொட்டில் மட்டுமே என்றால் இரண்டாம் நாள் அது வெறும் எடை. கேட்பதைவிடப் பேசும்போது பல மடங்கு மின்சாரம் செலவாகும் என்பதால், 'பார்ட்டி பார்ட்டி, இங்க சீன் எப்படி?' என்று அரட்டை அடிக்கும் தம்பியின் ரேடியோ மதியத்துக்குள் உயிரை விட்டிருக்கும். வீடு திரும்பியதும் பேட்டரியைக் கழற்றி வைக்காவிட்டால் அடுத்த சீசனில் உள்ளே பச்சை பூத்துக் கிடக்கும்.

அடுத்தது தண்ணீர். மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை இல்லாத நாளிலும் மூடுபனி சட்டையை நனைத்துவிடும். ஐ.பி.எக்ஸ்.4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். ஐ.பி.67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் மூழ்கினாலும் பிழைக்கும். இந்தக் குறி எதுவுமே இல்லாத கருவி, ஓடை கடக்கும் பாதைக்கு வேண்டாம். கையுறை போட்ட விரலுக்கும் சிக்கும் பெரிய பட்டன், இடுப்புப் பட்டையில் கவ்வி நிற்கும் உறுதியான கிளிப், தவறுதலாக சேனல் மாறாமல் இருக்க 'லாக்' வசதி ஆகியவை இருந்தால் போதும். டார்ச், எஃப்.எம். எல்லாம் காசுக்குக் கேடு.

'38 ரகசியக் கோடு' என்ற விளம்பரத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அது ரகசியம் காப்பதில்லை. வேறு கூட்டத்தின் பேச்சு உங்கள் காதில் விழாமல் தடுக்கும்; உங்கள் பேச்சை அதே சேனலில் உள்ள யாரும் கேட்கலாம். அதைவிட முக்கியமாக, ஒரு ரேடியோவில் கோடு போட்டு இன்னொன்றில் வேறு கோடு இருந்தால், பக்கத்தில் நின்றாலும் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. பழக்கமில்லாதவர்கள் கோடு எதையும் போடாமல் சேனல் எண்ணை மட்டும் ஒன்றாக வைத்துக்கொள்வது மேல். பட்டன் அழுத்தாமலே குரல் கேட்டுப் பேசும் வசதியையும் அணைத்துவிடலாம். காற்றடித்தாலே அது தானாகப் பேச ஆரம்பித்துவிடும்.

யார் கையில் இருக்க வேண்டும்?

பத்துப் பேர் குழுவுக்குப் பத்து ரேடியோ தேவையில்லை. முன்னால் போகிறவர் ஒருவர், கடைசியாக வருகிறவர் ஒருவர். இந்த இருவரிடம் இருந்தால் போதும். குழு நீளமாக இழுபட்டால் நடுவில் மூன்றாவது. முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றையொன்று கேட்க முடியாத மடிப்பில், நடுவில் இருப்பவர் செய்தியை வாங்கிக் கைமாற்றலாம். கடைசியில் வருபவர் நிதானமான ஆளாக இருக்க வேண்டும். ரேடியோ கேட்கும் சிறுவனிடம் கொடுத்து அனுப்பும் இடம் அது அல்ல.

பேசும் முறையை அடிவாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். பட்டனை அழுத்தி, ஒரு நொடி பொறுத்து, பிறகுதான் வாயைத் திறப்பது. இல்லாவிட்டால் முதல் வார்த்தை அறுந்துபோகும். 'நிக்காதீங்க, வாங்க' என்பது 'வாங்க' என்று மட்டும் போய்ச் சேர்ந்தால் பரவாயில்லை. 'வராதீங்க, யானை' என்பதில் முதல் சொல் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால், முடித்ததும் 'ஓவர்' சொல்வது சினிமாத்தனம் அல்ல, தேவை. ஆன்டெனா வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருக்க வேண்டும். பைக்குள் துணிகளுக்கு நடுவே கிடக்கும் ரேடியோவுக்குக் காது பாதிதான் கேட்கும்.

தொடர்பு அறுந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். மணிக்கு ஒருமுறை இரு தரப்பும் கூப்பிட்டுப் பார்ப்பது. பதில் இல்லையென்றால் முன்னால் போனவர்கள் அதே இடத்தில் நின்று, உயரமான இடத்திலிருந்து மறுபடி முயல்வது. குறித்த நேரம் வரை குரல் வராவிட்டால் திரும்பி நடப்பது. ரேடியோ கையில் இருக்கிறதே என்ற தைரியத்தில் குழுக்கள் வழக்கத்தைவிட அதிகமாகப் பிரிந்துவிடுவதுதான் இந்தக் கருவியின் மோசமான பக்கவிளைவு.

காட்டு ஒழுங்கும் உண்டு. சத்தத்தைக் குறைத்தே வைக்க வேண்டும். இயர்போன் மாட்டிக்கொள்ளலாம், ஆனால், ஒரு காதில் மட்டும். மற்ற காது காட்டுக்கு. தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 வழித்தடங்கள் இருக்கின்றன. முன்பதிவு செய்தால் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாக உடன் வருகிறார்கள். அப்படிப் போகும்போது ரேடியோ இருப்பதை அவர்களிடம் முதலிலேயே சொல்லி, பயன்படுத்தலாமா என்று கேட்டுக்கொள்வது முறை. வனத்துறையினர் பேசிக்கொள்வது அவர்களுக்கென உரிமம் பெற்ற வேறு அலைவரிசை. அதில் நுழைய முயல்வது வம்பை விலைக்கு வாங்குவது.

வெளியே எப்படிச் சொல்வது?

உரிமமில்லாத வாக்கி டாக்கி குழுவுக்குள் பேசுவதற்கு மட்டும்தான். அதில் ஆம்புலன்ஸைக் கூப்பிட முடியாது. விபத்து என்றால் கடைசிக் கருவி போன்தான். உங்கள் சிம்முக்கு சிக்னல் இல்லாதபோதும், வேறு நிறுவனத்தின் டவர் அங்கே எட்டுமானால் 112-க்கு அழைப்பு போகும். திரையில் 'அவசர அழைப்புகள் மட்டும்' என்று காட்டுவது அதற்குத்தான். எனவே, ஒரு போனையாவது ஏரோபிளேன் மோடில் போட்டு, சார்ஜ் குறையாமல் பத்திரப்படுத்த வேண்டும். வழியில் எங்கெல்லாம் சிக்னல் கிடைத்தது என்று ஏறும்போதே குறித்துக்கொண்டால், அவசரத்தில் எந்தப் பக்கம் ஆளை ஓடச் சொல்வது என்பது தெரியும்.

சாட்டிலைட் போன், சாட்டிலைட் மெசேஜ் அனுப்பும் கையடக்கக் கருவிகள் வெளிநாட்டு மலையேறிகளுக்குச் சகஜம். இந்தியாவில் அரசு அனுமதி இல்லாமல் அவற்றை வைத்திருப்பதே குற்றம். விஷயம் தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் நம் விமான நிலையங்களிலேயே கைதாகியிருக்கிறார்கள். விடுமுறைக்கு வந்து மலையேறத் திட்டமிடும் வெளிநாட்டு உறவினருக்கு, அவர் பெட்டி கட்டுவதற்கு முன்பே இதை வாட்ஸ்அப்பில் தட்டிவிடுங்கள்.

வாக்கி டாக்கி வாங்கியாகிவிட்டது என்றால், கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒரு ஒத்திகை. ஒருவர் மொட்டை மாடியில் நிற்கட்டும். இன்னொருவர் தெருத்தெருவாக நடந்துகொண்டே பேசட்டும். எந்த வீட்டுக்குப் பின்னால் போனதும் குரல் கரகரக்கிறது, எங்கே அறவே அறுந்துபோகிறது, இரண்டு படி மேலே ஏறினால் மறுபடி எப்படி வருகிறது என்பது அந்த அரைமணி நேரத்திலேயே பெரியப்பாவுக்கும் புரிந்துவிடும்.