கம்பியில்லாச் சுட்டி ஏன் திணறுகிறது?

கணினி மேசையிலிருந்து கம்பிகள் ஒவ்வொன்றாக விடைபெற்று வருகின்றன. கம்பியில்லா விசைப்பலகையும் சுட்டியும் (நம்மில் பலர் இன்னும் 'மௌஸ்' என்றே சொல்கிறோம்) விடுதி அறைகளில் சாதாரணமாகிவிட்டன. கூடவே புகார்களும் பெருகியுள்ளன. சுட்டி துள்ளுகிறது, எழுத்து தாமதமாக விழுகிறது, சில எழுத்துகள் விழுவதே இல்லை. உடனே பேட்டரியை மாற்றுகிறோம். அதுவும் பலிக்காவிட்டால் புதிதாக ஒன்று வாங்குகிறோம். நண்பர்களுக்காகவும் அக்கம்பக்கத்தாருக்காகவும் நான் பார்த்த மேசைக் கணினிகளில், குப்பைக்குப் போகவிருந்த பல சுட்டிகளில் எந்தப் பழுதும் இல்லை. ரிசீவர் செருகப்பட்டிருந்த இடம்தான் சரியில்லை.

2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வந்த கம்பியில்லா விசைப்பலகைகள் பல 27 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலையில் இயங்கின. இன்று ஏறக்குறைய எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ். தனி உரிமம் இல்லாமல் சிறு கருவிகள் இயங்குவதற்கென்று விடப்பட்ட பட்டை அது. 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை. வைஃபை அங்கேதான், புளூடூத் அங்கேதான், மைக்ரோவேவ் அடுப்பின் கசிவும் அங்கேதான். பாயான் பாருவில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் கைப்பேசியைத் திறந்தால் வைஃபை பெயர்கள் வரிசைகட்டி நிற்கும், சந்தைக்கடை தோற்றுவிடும். மலாயில் 'கங்குவான்' என்றால் நமக்குச் சட்டென்று விளங்கும். தமிழில் 'குறுக்கீடு' எனலாம். ஆனாலும் பக்கத்து வீட்டு வைஃபையை மட்டும் குறைசொல்வது நியாயமன்று. இந்தக் கருவிகள் நெரிசலுக்குப் பழக்கப்பட்டவை. வழக்கமான புளூடூத் ஒரு விநாடிக்கு 1600 முறை அலைவரிசை மாறி மாறித் தாவும். அனுப்பிய செய்தி போய்ச் சேராவிட்டால் மீண்டும் அனுப்பும்.

உண்மையான எதிரி பெரும்பாலும் கணினிப் பெட்டியிலேயே இருக்கிறது. அதுதான் யூஎஸ்பி 3.0. 2012 ஏப்ரலில் இன்டெல் நிறுவனம் இதுபற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. (1972-இல் பினாங்கில் ஆலை திறந்த அதே இன்டெல்தான். எங்கள் வட்டாரத்தில் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்த்த ஓர் உறவினராவது இல்லாத குடும்பம் அரிது.) யூஎஸ்பி 3.0 விநாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தகவலைக் கடத்துகிறது. அவ்வளவு வேகமான மின்துடிப்புகள், கம்பியிலிருந்தும் செருகும் இடத்திலிருந்தும் வானொலி இரைச்சலாகக் கசிகின்றன. அந்த இரைச்சல் ஒரே இடத்தில் நிற்காமல் பரந்து விரிகிறது, 2.4 கிகாஹெர்ட்ஸ் அதற்குள் அகப்பட்டுக்கொள்கிறது. வெளிப்புற ஹார்டிஸ்க் ஒன்றைச் செருகியபோது அப்பட்டையின் இரைச்சல் ஏறத்தாழ 20 டெசிபல் உயர்ந்ததாக அவ்வறிக்கை காட்டியது. 20 டெசிபல் என்பது நூறு மடங்கு. இரைச்சலும் சுட்டியின் குறிப்பும் ஒரே பட்டையில் இருப்பதால் வடிகட்டிப் பிரிக்கவும் முடியாது. விலகி நிற்பதுதான் வழி.

மேசைக் கணினியில் நாம் செய்வதோ நேர்மாறு. ரிசீவர் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்று பெட்டியின் பின்புறம் செருகுகிறோம். அங்கே அதற்குப் பக்கத்திலேயே நீல நிற யூஎஸ்பி 3.0 துளைகள். முன்னால் இரும்புப் பெட்டி. மேசைமேல் இருக்கும் சுட்டியின் மெல்லிய அலை, இரும்பைச் சுற்றிவந்து இரைச்சலுக்கு நடுவே கேட்டாக வேண்டும்.

எங்கள் மாடியில் ஓர் அக்கா திருமண அழைப்பிதழும் கோயில் திருவிழா அறிக்கையும் தட்டச்சு செய்து தருகிறார். அவர் பயன்படுத்துவது, தமிழ் ஒலியை ஆங்கில விசைகளில் அடிக்கும் முறை. அதில் 'மா' வேண்டுமென்றால் 'ஏ' விசையை இரண்டு முறை தட்ட வேண்டும். ஒரு தட்டு தொலைந்தால் 'மாலை 6.00 மணிக்கு' என்பது 'மலை 6.00 மணிக்கு' ஆகிவிடும். மலையும் நல்ல தமிழ்ச் சொல்தான், பிழைதிருத்தி கண்டுகொள்ளாது. அச்சான பிறகு தெரிந்தால் மறுஅச்சுச் செலவு அவருடையது. கடையில் புது செட் வாங்கச் சொன்னார்களாம். ஏற்கெனவே ஒருமுறை வாங்கியும் இருக்கிறார். "தம்பி, எனக்குத்தான் கை நடுங்குதோன்னு நினைச்சேன்," என்றார். படங்களை ஹார்டிஸ்கிலிருந்து நகலெடுத்துக்கொண்டே தட்டச்சு செய்வது அவர் வழக்கம். ரிசீவரை ஒரு சாதாரண யூஎஸ்பி 2.0 நீட்டிப்புக் கம்பியில் மாட்டி, கறுப்புத் துளை ஒன்றில் செருகி, மறுமுனையை மேசைமேல் கொண்டுவந்து வைத்தோம். சில ரிங்கிட்தான் செலவு. நகலெடுக்கும்போதும் எழுத்துகள் ஒழுங்காக விழுந்தன.

உங்கள் கணினியிலும் இதே கோளாறுதானா என்று அறிவது எளிது. ஹார்டிஸ்கையோ தம்ப் டிரைவையோ கழற்றிவிட்டுச் சுட்டியை நகர்த்திப் பாருங்கள். திணறல் நின்றால் காரணம் குறுக்கீடு. நிற்கவில்லையென்றால் அதே சுட்டியை ரிசீவரோடு நண்பரின் கணினியில் மாட்டிப் பாருங்கள். அங்கும் திணறினால்தான் பேட்டரியையும் சுட்டியையும் சந்தேகிக்க வேண்டும். கண்ணாடி மேசையையும் மறந்துவிடாதீர்கள். பல சுட்டிகளின் ஒளிக்கண்ணுக்குக் கண்ணாடிமேல் பிடிப்பு கிடைக்காது. ஒரு தாளை வைத்தாலே போதும்.

ரிசீவர் இல்லாத புளூடூத் வகையில் வேறொரு வேடிக்கை உண்டு. பல மேசைக் கணினிகளில் வைஃபைக்கும் புளூடூத்துக்கும் பொதுவான ஆன்டெனா தனியாகப் பெட்டியில் வரும். பின்புறம் திருகி மாட்ட வேண்டும். வைஃபைக்குப் பதில் இணையக் கம்பியைப் பயன்படுத்துகிறவர் அதை அலமாரியில் போட்டுவிடுகிறார். ஆன்டெனா இல்லாமலும் புளூடூத் அரைகுறையாக வேலை செய்யும் என்பதுதான் தொல்லை. முழுதாகச் செத்திருந்தால் காரணத்தைத் தேடியிருப்போம்.

கணினிக் கூடங்களில் ரிசீவர்கள் இடம் மாறிப் போவதும் உண்டு. ஒரே மாதிரி பத்துச் சுட்டிகள் இருந்தாலும், ஒவ்வொரு ரிசீவரும் தன்னுடன் இணைக்கப்பட்ட சுட்டியை மட்டுமே அறியும். இரண்டிலும் ஒரே எண்ணை ஒட்டி வைப்பது நல்லது. ஒரு ரிசீவரில் ஆறு கருவிகள் வரை இணைக்கும் வசதி 2009-இல் லாஜிடெக் கொண்டுவந்த 'யூனிஃபையிங்' முறையில் உண்டு. எல்லா மலிவு வகைகளிலும் அதை எதிர்பார்க்க முடியாது.

பழைய கம்பி விசைப்பலகை ஒன்று வீட்டில் இருந்தால் எறிந்துவிட வேண்டாம். விண்டோஸ் எழுவதற்கு முன்பே வரும் பயாஸ் திரையில் புளூடூத் விசைப்பலகை பெரும்பாலும் வேலை செய்யாது. ஆய்வேடு சமர்ப்பிக்கும் வாரத்தில் கணினி அந்தத் திரையில் நின்று ஒரு விசையை அழுத்தச் சொன்னால், அப்போது அதுதான் உதவும்.