தொண்டைப் புற்றுநோயும் பி16 புரதமும்



"ஐயா, இவர் பீடியையோ வெற்றிலையையோ தொட்டதேயில்லை. தொண்டையில் புற்றுநோய் எப்படி வந்தது?" வார்டில் குடும்பத்தார் இப்படிக் கேட்பதுண்டு.

நம் நாட்டில் வாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் புகையிலை, பாக்கு, மது ஆகியவையே காரணம். ஆனால் டான்சிலிலும் அடிநாக்கிலும் வரும் புற்றுநோய்களில் ஒரு பகுதி எச்.பி.வி. என்னும் வைரஸால் உண்டாகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் இதுவே காரணம் என்று கண்டறிந்த ஜெர்மானிய மருத்துவர் ஹரால்ட் சுர் ஹௌசன் 2008-இல் நோபல் பரிசு பெற்றார்.

நம் உயிரணுக்கள் அளவின்றிப் பெருகாதபடி ஆர்.பி. என்னும் புரதம் காவல் காக்கிறது. வைரஸ் அதை முடக்கிவிடுகிறது. அப்போது உயிரணு பி16 என்ற தடுப்புப் புரதத்தை ஏராளமாக உண்டாக்குகிறது. ஆனால் பி16 வேலை செய்வது ஆர்.பி.யின் மூலமாகத்தான். வயர் அறுந்த சைக்கிளில் பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் நிற்காதல்லவா? அதுபோலவே இதுவும்.

பயனற்றுப்போன அந்தப் புரதமே மருத்துவருக்கு அடையாளமாகிறது. பையாப்சி எடுத்த சதைத் துணுக்கில் சாயமேற்றிப் பார்ப்பார்கள். புற்றணுக்களில் 70 சதவீதமாவது அடர்ந்த பழுப்பு நிறம் காட்டினால் 'பி16 பாசிட்டிவ்' என்பார்கள். சிலருக்கு பி16 மிகுந்திருந்தும் வைரஸ் இராது. ஆகவே வைரஸின் மரபணுவையும் தேடிப் பார்ப்பது நல்லது.

இதனால் என்ன பயன்? 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இவ்வகைத் தொண்டைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களில் வைரஸ் காணப்பட்டோரில் 82 சதவீதத்தினர் மூன்றாண்டுகளுக்குப் பின்னும் உயிரோடிருந்தார்கள். வைரஸ் இல்லாதோரில் இது 57 சதவீதமே. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனாலும் சிகிச்சையைக் குறைத்துக்கொள்ளலாகாது. கதிர்வீச்சோடு தரும் சிஸ்பிளாட்டினுக்குப் பதிலாக வேறு மருந்து தந்து பார்த்த இரண்டு ஆய்வுகள் 2018-இல் வெளிவந்தன. இரண்டிலும் பலன் குறைந்தே இருந்தது.

அன்பர்களே, ஒரு வார்த்தை. இந்த வைரஸ் பாலுறவின் வழியாகப் பரவுவது உண்மையே. ஆயினும் அது மிகச் சாதாரணமான தொற்று. பெரும்பாலோருக்குத் தானே மறைந்துவிடும். எஞ்சிய சிலருக்கே பல ஆண்டுகளுக்குப்பின் நோயாகிறது. யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. ஆகவே ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கணவனையோ மனைவியையோ நியாயந்தீர்க்க வேண்டாம். படுக்கையில் இருப்பவருக்கு அப்போது தேவை விசாரணை அல்ல, துணை.

கழுத்தில் வலியில்லாத கட்டி மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பிள்ளைகளுக்குத் தக்க வயதில் எச்.பி.வி. தடுப்பூசி போடுவதைப் பற்றியும் கேளுங்கள். நோயுற்றோரை ஜெபத்தில் தாங்குங்கள்.