தாம்பரத்தில் ரூம் போட்டு பஸ் பார்ப்போம்!

வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குக் கிளாம்பாக்கத்தில் வந்து இறங்குங்கள். மறுநாள் முகூர்த்த நாளாகவும் அமைந்துவிட்டால் யோகம்தான்! நாகர்கோவில், மார்த்தாண்டம், திருச்செந்தூர், செங்கோட்டை, வேளாங்கண்ணி என்று வரிசை வரிசையாகப் போர்டு. பிள்ளையும் பையுமாக ஊருக்குப் போகிறவர்கள் ஏறுவதற்கு ஓட, எங்களைப் போன்ற பஸ் பைத்தியங்கள் வண்டியின் பின்பக்கத்துக்கு ஓடுவோம். சேசிஸ் எது, பாடி யார் கட்டியது, பிஎஸ்-6 வண்டியா, எந்த டெப்போ? "ஏம்ப்பா, நீங்க ஊருக்குப் போகலையா?" என்று கண்டக்டர் கேட்பார். "இல்லண்ணே, வண்டி பார்க்க வந்தோம்" என்றால் முதலில் சிரிப்பார். அடுத்த நிமிடமே தன் வண்டி விழுப்புரம் தாண்டினால் எப்படிப் பறக்கும் என்று ஆரம்பித்துவிடுவார்.

88.52 ஏக்கர்! 2023 டிசம்பர் 30 அன்று திறந்த இந்தப் பேருந்து முனையம் வருவதற்கு முன், தெற்கே போகிற பெரும்பாலான வண்டிகள் கோயம்பேட்டிலிருந்து கிளம்பி நகரத்தின் நெரிசலில் நீந்தித்தான் ஜி.எஸ்.டி. சாலையைப் பிடிக்கும். கோயம்பேட்டுக்கு 2002இல் வந்தார்கள். அதற்கு முன் பாரிமுனை. வெளியூர் பஸ்கள் கிளம்பும் இடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே நகர்ந்து இப்போது தாம்பரத்தைத் தாண்டி வண்டலூர் பக்கம் வந்து நிற்கிறது. அதனால்தான் சொல்கிறேன், பஸ் ரசிகர்கள் ரூம் போட வேண்டிய ஊர் இனி தாம்பரம்தான்.

ரூம் எதற்கு, பகலில் வந்து பார்த்துவிட்டுப் போனால் போதாதா? போதாது! பிரிட்டனில் 1929இல் தொடங்கிய ஆம்னிபஸ் சொசைட்டி என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதன் உறுப்பினர்கள் ஆண்டுதோறும் ஒரு வார இறுதியில் ஏதாவது ஓர் ஊரில் தங்கி, அங்குள்ள டெப்போக்களையும் ஒர்க்‌ஷாப்புகளையும் சுற்றிப் பார்க்கிறார்கள். தங்கினால்தான் கடைசி வண்டி உள்ளே வருவதிலிருந்து முதல் வண்டி வெளியே போவது வரை பார்க்க முடியும். அந்த நான்கைந்து மணி நேரத்தில்தான் மறுநாள் பகல் முழுக்கத் தயாராகிறது.

டெப்போவுக்குள் போக கிளை மேலாளரின் அனுமதி வேண்டும். வாங்கிவிட்டீர்கள் என்றால், அடடா! இரவு பதினொன்றுக்கு மேல் ஒவ்வொரு வண்டியாக வந்து வளைந்து நுழையும். முதலில் டீசல் பம்ப். எத்தனை லிட்டர் போட்டார்கள், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று அங்கேயே குறித்துக்கொள்வார்கள். இதிலிருந்துதான் கே.எம்.பி.எல். வரும். ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுத்தார் என்பதுதான் ஒரு டிரைவரின் மார்க் ஷீட். நல்ல கே.எம்.பி.எல். கொடுக்கிற டிரைவரைப் பற்றி மற்ற டிரைவர்கள் பேசுகிற மரியாதையைக் கேட்க வேண்டும்! கியரை எப்போது மாற்றுகிறார், பிரேக்கில் கால் வைக்காமலே ஸ்டாப்பிங்கில் எப்படிக் கொண்டுவந்து நிறுத்துகிறார் என்று ஒரு கச்சேரியை அலசுவதுபோல் அலசுவார்கள்.

இந்தப் பக்கம் கண்டக்டர் டிக்கெட் மெஷினையும் கலெக்‌ஷனையும் ஒப்படைத்துக்கொண்டிருப்பார். டிரைவர் தன் வண்டியின் குறையை எழுதிவைப்பார்: பிரேக் இடது பக்கம் இழுக்கிறது, கிளட்ச் ஸ்லிப் ஆகிறது, இரண்டாவது கியர் சண்டை போடுகிறது. சில வண்டிகள் கழுவப் போகும், சில நேராக பிட் என்கிற பள்ளத்துக்கு மேல் ஏறும். பிட்டுக்குள் இறங்கி நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேல் ஒரு முழு அசோக் லேலண்ட்! புரொப்பெல்லர் ஷாஃப்ட், லீஃப் ஸ்பிரிங், ஏர் டேங்க், எல்லாவற்றிலும் ஜி.எஸ்.டி. சாலையின் புழுதி. கையில் விளக்கோடு மெக்கானிக் ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டிக்கொண்டே போவார். தட்டும் சத்தத்திலேயே அவருக்கு லூஸா டைட்டா என்று தெரிந்துவிடும். பாடல் பெற வேண்டிய வேலை அது.

எனக்கு எப்போதும் பிரமிப்பு தருவது வண்டிகளை நிறுத்தும் வரிசை. விடியலில் முதலில் போக வேண்டியது முன்னால், அடுத்தது அதன் பின்னால். நடுவில் ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் அதற்குப் பின்னால் இருக்கிற டிரிப்பெல்லாம் தடுமாறும். ஸ்டாப்பிங்கில் நின்று "இன்னைக்கு லேட்டு" என்று நாம் அலுத்துக்கொள்வதற்கும் அந்த ஒரு வண்டிக்கும் சம்பந்தம் உண்டு!

விடியற்காலை நான்கு மணியை ஒட்டி தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஏறிவிடுங்கள். கடற்கரைக்குப் போகும் முதல் மின்சார ரயில்கள் கிளம்பும் நேரம். இந்தத் தடத்துக்கு மின்சாரம் வந்தது 1931இல், தென்னிந்திய ரயில்வேயின் காலத்தில். மீட்டர் கேஜ், 1,500 வோல்ட் நேர்மின்சாரம். 1967இல் அதை 25,000 வோல்ட் மாறுமின்சாரமாக்கினார்கள். ஜப்பானிலிருந்து வந்த யாம்-1 மீட்டர் கேஜ் எஞ்சின்களை இந்தப் பாதையில் பார்த்தவர்கள் இன்னும் அந்த நினைப்பிலேயே இருக்கிறார்கள். 2004 ஜூலையில் தாம்பரம் வரையிலான மீட்டர் கேஜ் யூனிட்டுகளுக்கு விடைகொடுத்தாகிவிட்டது. 2025 ஏப்ரல் 19 முதல் பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் செய்த ஏ.சி. மின்சார ரயிலே ஓடுகிறது, கதவெல்லாம் தானாக மூடுகிறது!

காபி குடித்துவிட்டு மேற்கு தாம்பரத்தில் 21ஜி. வேறு எந்த நம்பரிலும் ஏறாவிட்டாலும் இதில் ஏறுங்கள். கிண்டி, மயிலாப்பூர் வழியாக பிராட்வே வரை இழுக்கும் இந்தத் தடம் எத்தனை பேரைப் படிக்கவும் வேலைக்கும் கொண்டுபோயிருக்கிறது! சென்னைக் கண்டக்டரின் விசிலுக்குக் காது கொடுங்கள். ஒன்று அடித்தால் நிற்கணும், இரண்டு அடித்தால் போகணும். கண்டக்டர் தன் சீட்டில் உட்கார்ந்திருக்க, காசு கைமாறி கைமாறி அவரிடம் போய், டிக்கெட்டும் சில்லறையும் அதே வழியில் பத்திரமாகத் திரும்பி வரும் அதிசயத்தையும் பாருங்கள். இதே ஜி.எஸ்.டி. சாலையில் 18ஏ தடத்தில் மாடி பஸ் ஓடியது. 1997இல் மீண்டும் கொண்டுவந்து, 2008இல் நிறுத்திவிட்டார்கள். மாடியின் முன்சீட்டைப் பிடிக்க பிராட்வேயில் நடந்த போட்டியை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். அதைத் திரும்பவும் விட வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

மதியத்துக்கு மேல் பெரும்பாக்கம். 2025 ஆகஸ்டில் இங்குள்ள டெப்போவிலிருந்து மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. டீசல் பம்ப் இருக்கும் என்று பழக்கத்தில் தேடுகிற கண்ணுக்குச் சார்ஜரும் கேபிளும்தான் தெரியும். வண்டியும் டிரைவரும் ஒப்பந்த நிறுவனத்தார், கண்டக்டர் மாநகர் போக்குவரத்துக் கழக (எம்.டி.சி.) ஆள், ஓடிய கிலோமீட்டருக்குக் கழகம் பணம் கொடுக்கிறது. தாழ்தளம் ரோட்டிலிருந்து சுமார் 400 மி.மீ. உயரம்தான். ஸ்டாப்பிங்கில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து இன்னும் கொஞ்சம் இறங்கிக்கொடுக்கும், சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் விரியும். மாற்றுத்திறனாளிகள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் வரை போய்க் கேட்டுப் பெற்ற உரிமை இது. எஞ்சின் சத்தத்துக்கு உயிரை விடுகிற கூட்டம் நாங்கள். ஆனாலும் ஒரு பாட்டி யார் கையையும் பிடிக்காமல் அந்தப் படியில் ஏறிப் போகும்போது கைதட்டத் தோன்றுகிறது!

ஞாயிற்றுக்கிழமையை உள்தெருச் சிற்றுந்துகளுக்கு ஒதுக்குங்கள். 2013இல் பக்கவாட்டில் இலை ஓவியத்தோடு வந்த, 'எஸ்' எழுத்தில் தொடங்கும் நம்பர்கள். பெரிய வண்டி திரும்ப முடியாத முனையில் அது லாவகமாகத் திரும்புவதைப் பார்க்கவே போகலாம்.

லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகம் ஆக்டனில் உள்ள தன் சேமிப்புக் கிடங்கை ஆண்டில் சில நாள் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறது. பழைய பஸ்ஸைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். நமக்கு அதைவிட நல்ல நாள் கைவசம் இருக்கிறதே: ஆயுத பூஜை! அன்றைக்கு டெப்போவில் வாழைக்கன்று கட்டி, கண்ணாடியில் சந்தனம் குங்குமம் வைத்து, முகப்பில் மாலை போட்டு வண்டிகள் நிற்கும் அழகை ஊழியர்களின் குடும்பங்கள் மட்டும்தான் பார்க்கின்றன. எம்.டி.சி. அதிகாரிகளே, அந்த வார இறுதியில் தாம்பரம், குரோம்பேட்டை, பெரும்பாக்கம் மூன்று டெப்போவையும் அரை நாள் திறந்துவிடுங்கள். பிட்டுக்குள் பிள்ளைகள் இறங்கிப் பார்க்கட்டும், டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஒரு தடவை ஹாரன் அடிக்கட்டும். பொரிகடலைக்கும் ரூம் வாடகைக்கும் நாங்கள் பொறுப்பு.