கொலைகாரர்களே எடுத்துவைத்த சாட்சி... தெரியுமா?

நாஜி வதைமுகாம் ஒன்றின் கொடுமைகளை நீதிமன்றத்தில் போட்டுடைத்த படங்களை எடுத்தது யார் தெரியுமா? நாஜிகளேதான்! கைதிகள் செய்தது அதைவிடப் பெரிய காரியம். அந்தப் படங்களைத் திருடினார்கள்!

நெட்ஃபிளிக்ஸில் பலர் பார்த்திருக்கக்கூடிய ‘தி ஃபோட்டோகிராஃபர் ஆஃப் மௌட்ஹௌசென்’ (2018) என்ற ஸ்பானியப் படத்தின் கதை இதுதான். இயக்கியவர் மார் தர்கரோனா. மரியோ காஸாஸ் உடல் மெலிந்து நடித்திருக்கிறார். படத்தைவிட நிஜம்தான் மூச்சுமுட்ட வைக்கிறது.

ஆஸ்திரியாவில் டான்யூப் நதியோரம் மௌட்ஹௌசென் முகாம். பக்கத்திலேயே கருங்கல் குவாரி. முதுகில் பாறையைச் சுமந்துகொண்டு 186 படி ஏற வேண்டும். குவாரியின் செங்குத்தான விளிம்புக்குக் காவலர்கள் வைத்த கேலிப்பெயர் என்ன தெரியுமா? ‘பாராசூட் சுவர்’. அங்கிருந்துதான் கைதிகளைக் கீழே தள்ளினார்கள்.

இங்கே 7,000-க்கும் மேற்பட்ட ஸ்பானியர்கள் அடைக்கப்பட்டார்கள். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் படைகளிடம் தோற்று, பிரான்ஸுக்குத் தப்பி, அங்கே ஜெர்மானியரிடம் சிக்கியவர்கள். ஃபிராங்கோ அரசு அவர்களைக் கைகழுவிவிட்டதால் சட்டையில் நாடற்றவர்களுக்கான நீல முக்கோணம்! பாதிக்கும் மேற்பட்டோர் உயிரோடு திரும்பவில்லை. 1941 ஜனவரியில் வந்து இறங்கிய பார்சிலோனா இளைஞரும் அந்த சினிமாவின் நாயகனுமான பிரான்செஸ்க் போஷுக்கு வயது 20. கேமரா தெரிந்த கை என்பதால் முகாமின் போட்டோ லேபில் வேலை கிடைத்தது.

அந்த லேபில் என்னென்ன கழுவப்பட்டன என்கிறீர்கள்? அடையாளப் படங்கள், பெரிய அதிகாரிகள் வந்துபோன படங்கள், பிணங்கள். கைதியை முள்வேலிப் பக்கம் விரட்டிச் சுட்டுவிட்டு, ‘தப்பிக்கப் பார்த்தான்’ என்று கோப்பில் எழுதி, படமும் சேர்ப்பார்களாம். ஒரு படம் மனதைவிட்டுப் போக மறுக்கிறது. 1942-ல் மரப்பெட்டிக்குள் ஒளிந்து தப்பிய கைதி பிடிபட்டார். அவரை அதே பெட்டியோடு வண்டியில் ஏற்றி, கைதிகளின் இசைக்குழு முன்னால் வாசித்துக்கொண்டே போக, ஊர்வலம் விட்டுத் தூக்கிலிட்டார்கள். அதையும் நிதானமாக நின்று படம் எடுத்திருக்கிறார்கள்!

போர் ஜெர்மனிக்கு எதிராகத் திரும்பியதும் ‘எல்லாவற்றையும் அழி’ என்ற உத்தரவு வந்தது. ஆனால் ரகசியப் பிரதிகளும் நெகட்டிவ்களும் அதற்குள் பதுங்கிவிட்டன. (திரைப்படம் எல்லாப் பெருமையையும் போஷ் தலையில் கட்டுகிறது. அவருக்கு முன்பே அந்த லேபில் இருந்த அன்டோனியோ கார்ஸியாவும் பிரதிகளைப் பதுக்கியவர்தான். சினிமாவுக்கு ஒரு கதாநாயகன் போதும்போல!)

சரி, அந்தப் படங்கள் முகாமை விட்டு எப்படி வெளியே போயின? குவாரி கம்பெனி ஒன்றில் வேலை செய்ய வெளியே அனுப்பப்பட்ட ஸ்பானியச் சிறுவர்கள் கொண்டுபோனார்கள்! அந்தப் பையன்களிடம் இரக்கம் காட்டிய உள்ளூர்ப் பெண்மணி அன்னா பாய்ன்ட்னர், பொட்டலத்தை வாங்கி வீட்டுக்குப் பின்னாலிருந்த கற்சுவரின் இடுக்கில் செருகிவைத்தார். சிக்கியிருந்தால் அவர் கதையும் முடிந்திருக்கும். 1945 மே 5-ல் அமெரிக்கப் படை வந்த பிறகு போஷ் போய் வாங்கிக்கொண்டார்.

இதையும் கேளுங்கள்: 1946 ஜனவரி 28, 29. நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பர்க் விசாரணையில் சாட்சி சொன்ன ஒரே ஸ்பானியர், 25 வயது போஷ்! கைதிகள் காப்பாற்றிய படங்கள் நீதிமன்றத்தில் காட்டப்பட்டன. முகாமுக்கு வந்துபோனவர் யாராவது இங்கே இருக்கிறாரா என்ற கேள்விக்கு, ஹிட்லரின் அமைச்சர் ஆல்பர்ட் ஷ்பேயரை அடையாளம் காட்டினார். எஸ்.எஸ். படைத் தலைவர் ஹிம்லரோடு முகாமில் நிற்கும், நாஜி பாதுகாப்புத் துறைத் தலைவர் கால்டென்ப்ருன்னரின் படமும் வெளியே வந்தது. கால்டென்ப்ருன்னருக்குத் தூக்கு, ஷ்பேயருக்கு 20 ஆண்டு சிறை. போஷ் 1951-ல், 30 வயதிலேயே, பாரிஸில் இறந்துபோனார்.

மௌட்ஹௌசெனோடு முடிந்ததா? இல்லை! அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் கைதிப் புகைப்படக்காரர் வில்ஹெல்ம் பிராஸேவிடம் படங்களை எரிக்கச் சொன்னார்கள். அவரும் கூட்டாளியும் ஈரமான போட்டோ காகிதத்தை அடுப்பில் திணித்து நெருப்பை மூச்சடைக்க வைத்தார்கள். கிட்டத்தட்ட 39,000 படங்கள் தப்பின! அதே அவுஷ்விட்ஸில் 1944-ல், பிணங்களை எரிக்கும் வேலையில் கட்டாயப்படுத்தி நிறுத்தப்பட்டிருந்த கைதிகள் திருட்டுத்தனமாக நான்கே நான்கு படங்கள் எடுத்தார்கள். அந்த ஃபிலிம் எதற்குள் ஒளிந்து வெளியே போனது தெரியுமா? பற்பசைக் குழாய்க்குள்! ஆஸ்கர் வாங்கிய ஹங்கேரியப் படமான ‘சன் ஆஃப் சால்’ பார்த்தவர்களுக்கு அந்தக் கேமரா காட்சி நினைவிருக்கும்.