மேஜை மேல் ஒரு தீயணைப்பு நிலையம்!

குழந்தைகளே, ஒரு விடுகதை போடட்டுமா? அந்தக் காலத்து பிரிட்டிஷ் தீயணைப்பு வண்டி ஒன்று. ஓடுவதற்கு வேண்டிய சக்கரங்கள் கீழே இருக்கின்றன. ஆனால், வண்டியின் பின்பக்கம், மாட்டுவண்டிச் சக்கரம் போல இன்னும் இரண்டு பெரிய சக்கரங்கள் தரையைத் தொடாமல் தொங்குகின்றன. அவை எதற்கு?

ஏணிக்கு! 50 அடி உயரும் மர ஏணி அது. அத்தனை கனத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா? தீப்பிடித்த வீட்டின் முன் வண்டி நின்றதும், வீரர்கள் ஏணியைக் கீழே இறக்கி, சக்கரங்களில் உருட்டிக்கொண்டு போய்ச் சுவரருகே நிறுத்துவார்கள். மாடியில் சிக்கியவர்கள் தப்பி வரும் வழி என்பதால் அதற்கு ‘எஸ்கேப்’ என்றே பெயர். ஏணியை இறக்கிவிட்டு, தண்ணீர்க் குழாய் இருக்கும் இடத்துக்கு வண்டி தனியாகப் போய்விடலாம். நல்ல யோசனை, இல்லையா?

இப்படிப்பட்ட வண்டிகளை அச்சு அசலாகச் சின்னதாகச் செய்து விற்கிறார்கள். அவற்றைச் சேகரிப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. துத்தநாகத்துடன் கொஞ்சம் அலுமினியம் முதலியவற்றைச் சேர்த்து உருக்கி, எஃகு அச்சுக்குள் அழுத்தத்துடன் செலுத்தி வார்ப்பார்கள். இதுதான் ‘டைகாஸ்ட்’.

பெட்டியில் 1:50 என்று போட்டிருந்தால், நிஜ வண்டியில் 50-ல் ஒரு பங்கு என்று பொருள். கணக்கு நோட்டை எடுங்கள். ஏழரை மீட்டர் வண்டி 1:50 அளவில் எத்தனை செ.மீ.? பதினைந்து. அதுவே 1:24 என்றால்? ஏறக்குறைய 31. எண் சிறியதானால் பொம்மை பெரியது! என்னைக் கேட்டால், தீயணைப்பு வண்டிக்குப் பெரிய பொம்மைதான் அழகு. அப்போதுதான் மணியின் கயிறு, ஏணியின் படிகள், குழாய் மாட்டும் இடம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

அப்படிப் பெரிய மாதிரி ஒன்று கிடைத்தால், வீரர்கள் உட்காரும் இடத்தைப் பாருங்கள். பழைய வண்டியில் கதவும் இல்லை, கூரையும் இல்லை. வண்டியின் இரு பக்கமும் நீளவாக்கில் இருக்கை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, மழையிலும் பனியிலும் வெளியே பார்த்தபடி உட்கார்ந்து போவார்கள். போகிற வழியிலேயே எழுந்து நின்று கோட்டை மாட்டுவார்கள். வண்டி வேகமாகத் திரும்பும்போது தவறி விழுந்து இறந்தவர்களும் உண்டு. தீயை அணைக்கப் போனவர் தீயைப் பார்க்காமலே இறந்துபோவது எத்தனை கொடுமை! 1930-களில்தான் வீரர்கள் உள்ளே உட்காரும்படி மூடிய வண்டிகள் வரத் தொடங்கின. திறந்த வண்டி ஒன்றையும் மூடிய வண்டி ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நடுவே நடந்தது புரிந்துவிடும்.

அந்தத் திறந்த அமைப்புக்கு ‘பிரெய்ட்வுட்’ என்று பெயர். ஜேம்ஸ் பிரெய்ட்வுட் என்பவர் 1833 முதல் லண்டன் தீயணைப்புப் படையின் தலைவர். 1861-ல் டூலி தெருவில் கிடங்குகள் எரிந்தபோது, தன் வீரர்களுடன் முன்னால் நின்றார். சுவர் இடிந்து விழுந்து அங்கேயே உயிர் விட்டார்.

தீயணைப்பு வண்டி என்றாலே சிவப்புதானே? சாம்பல் நிற மாதிரி ஒன்றைப் பார்த்தால் ‘பெயின்ட் தப்பு’ என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் தீயணைப்பு வண்டிகளுக்குச் சாம்பல் நிறம் பூசினார்கள். 1940 செப்டம்பரில் லண்டன் மீது குண்டுவீச்சு தொடங்கியபோது வண்டிகள் போதவில்லை. டாக்ஸிகளின் பின்னால் பம்பைக் கட்டி இழுத்துப் போனார்கள்!

பச்சை நிறத்திலும் ஒன்று உண்டு. 1953 முதல் 1956 வரை செய்த பெட்ஃபோர்ட் வண்டி அது. அணுகுண்டு விழுந்தால் நகரங்கள் எரியுமே என்ற பயத்தில் அரசாங்கம் செய்து வைத்தது. செல்லப் பெயர் ‘கிரீன் காடஸ்’, அதாவது பச்சை தேவதை. நல்லவேளை, குண்டு விழவில்லை. கிடங்கில் தூங்கிய தேவதைகளை, 1977-லும் 2002-லும் தீயணைப்பு வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ராணுவத்தினர் வெளியே எடுத்து ஓட்டினார்கள்.

பழைய பொம்மைகளில் லிவர்பூலின் ‘டிங்கி’யும், வேல்ஸின் ‘கார்கி’யும் பேர்போனவை. கார்கி என்பது வேல்ஸ் நாட்டுக் குட்டைக்கால் நாயின் பெயர்! 1956-ல் வந்த கார்கி வண்டிகளில் ஜன்னலுக்குக் கண்ணாடி போல பிளாஸ்டிக் வைத்து டிங்கியைத் திணற அடித்தார்கள். டிங்கி சும்மா இருக்குமா? பிறகு ‘மெர்ரிவெதர் மார்க்விஸ்’ என்ற தீயணைப்பு வண்டியை விட்டது. தொட்டியில் தண்ணீர் ஊற்றி அழுத்தினால், குழாய் வழியே நிஜமாகவே பீய்ச்சும்! இதை வாங்கிப் பெட்டியைத் திறக்காமலே அலமாரியில் பூட்டி வைப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது புரிவதே இல்லை.

சேகரிப்பவர்கள் பயப்படுவது ஒன்றே ஒன்றுக்கு. வார்க்கும்போது துத்தநாகத்தில் துளி ஈயம் கலந்துவிட்டால், உலோகம் உள்ளுக்குள் மெல்ல விரிசல் விட்டு, வருடங்கள் கழித்துப் பிஸ்கட் போல உதிர்ந்துவிடும். 1930-களின் டிங்கி வண்டிகள் பல இப்படிப் போயின. பெயின்ட் அடித்தாலும் பசை போட்டாலும் பயனில்லை. ஈரமும் சூடும் அதை வேகப்படுத்தும். அதனால்தான் பழைய வண்டியை வாங்குபவர் முதலில் ஏணியைத் தூக்கிப் பார்ப்பதில்லை. தலைகீழாகத் திருப்பி, அடியில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிறார்!