எக்ஸெல் வண்டியில் எந்த மூட்டை?

அந்தியூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “என்ற பையன் காலேஜுல நாப்சாக் கணக்குப் படிக்கிறானுங்க. முதுகுப்பையில சாமான் அடுக்கறதுக்கு எதுக்குங்க காலேஜு?”

அவர் ஊர்த் திங்கட்கிழமைச் சந்தைக்கே போவோம். ஓர் எக்ஸெல் வண்டி, 100 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோ மஞ்சள் மூட்டைக்கு வாடகை 120 ரூபாய். 50 கிலோ தவிட்டு மூட்டை இரண்டு, தலைக்கு 90 ரூபாய். கிலோவுக்கு அதிகம் தருவதை முதலில் ஏற்றத்தான் கை போகும். பேராசை முறை என்றே இதற்குப் பேர். மஞ்சள் ஏறியதும் மிச்ச இடத்தில் எதுவும் கொள்ளாது. தவிடு இரண்டும் ஏறியிருந்தால் 180. மூட்டையைப் பிரிக்கலாம் என்றால் பேராசையே சரியான விடை தந்துவிடும்!

மூட்டைகள் 30 என்றால் தேர்ந்தெடுக்கும் விதங்கள் 107 கோடிக்கு மேல். அத்தனையையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதில்லை. என் அப்பா பால் கணக்கு நோட்டில் நேற்றைய பாக்கியைப் பார்த்துத்தான் இன்றைய வரியை எழுதுவார். ஒன்றாம் தேதியிலிருந்து கூட்டிக்கொண்டிருக்க மாட்டார். 1950-களில் ரிச்சர்ட் பெல்மன் வளர்த்த முறையும் அப்படித்தான். 1 கிலோ வண்டி, 2 கிலோ வண்டி என்று 100 வரை கட்டம் போடு. ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரே கேள்வி: இதை விட்டால் பழைய தொகை, ஏற்றினால் இதன் வாடகையோடு மிச்ச எடைக்கு முன்பே எழுதிய தொகை. பெரியது எதுவோ அது நிற்கும். 3,000 கட்டத்தில் வேலை முடிந்தது.

எனக்குப் பிடித்த விசித்திரம் இனிமேல்தான். எடையைக் கிராமில் பார்க்க வேண்டி வந்தால் அதே கணக்கு 30 லட்சம் கட்டம். மில்லிகிராம் என்றால் 300 கோடி. மூட்டை ஒன்றுகூடக் கூடவில்லை, எண்ணுக்குப் பின்னால் சில பூஜ்யங்கள்தான் கூடின. 1972-இல் ரிச்சர்ட் கார்ப் தந்த 21 கடினக் கணக்குகளின் பட்டியலில் இதற்கும் இடமுண்டு.

1975-இல் இபார்ரா, கிம் இருவரும் வியாபாரி புத்தியோடு வந்தார்கள். அட்டவணையை வாடகையை வைத்துப் போட்டு, அதில் சில்லறையைத் தள்ளினார்கள். உச்ச வருமானத்தில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் இழக்கக் கூடாதா? அதற்கேற்ற அளவு மட்டும் தள்ளினால் போதும். எடையில் கை வைக்கவே இல்லை.

நாம் அங்கேதான் கை வைக்கிறோம். வரட்டுப்பள்ளம் தாண்டிப் பர்கூர் மலை ஏறும் வண்டிகளைப் பார்க்கிறேன். மஞ்சளும் ஏறும், தவிடு இரண்டும் ஏறும்: 160 கிலோ, 300 ரூபாய். வளைவில் முன்சக்கரம் தூக்கும்போதுதான் பின்னால் தள்ள ஆள் தேடுகிறோம்.