சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றால்

"சதை எடுத்துப் பார்க்க வேண்டும்" என்று வைத்தியர் சொன்ன மாத்திரத்தில், அறுபது வயதைக் கடந்த விவசாயி ஒருவரின் முகம் வெளிறுவதையும், துணைக்கு வந்த மகன் வாயடைத்து நிற்பதையும், 1959-ல் தொடங்கிய தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையைப் போன்ற எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் சிறுநீர் வியாதிப் பிரிவின் வாசலில் சற்று நேரம் உட்கார்ந்திருப்பவர் காணலாம். அந்த வார்த்தை அவர்கள் செவியில் புற்றுநோய் என்றே விழுகிறது. ஆயினும் அது தீர்ப்பன்று. தீர்ப்புக்கு முந்திய விசாரணை மாத்திரமே.

முறை வைத்துத் தண்ணீர் விடும் காலங்களில் மடையைக் காத்து இரவெல்லாம் வரப்பில் கிடக்கும் மனிதர், ஒரு ராத்திரியில் நாலைந்து தடவை நீர் பிரிய எழுந்தாலும் அதை வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. அவரும் மூப்பின் கோளாறு என்று எண்ணி, கூச்சத்தால் வெளியே சொல்லாமல், ஒருநாள் நீர் அடியோடு கட்டிக்கொண்டு அடிவயிறு புடைத்த பின்னரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்படுகிறார்.

சிறுநீர்ப்பைக்குக் கீழே, நீர்த்தாரையைச் சுற்றி அமைந்திருக்கும் புராஸ்டேட் என்னும் சுரப்பி, வாலிபத்தில் சுமார் 20 கிராம் எடையுள்ளது. வயது ஏற ஏற, தாரையை ஒட்டிய அதன் உட்பகுதி முடிச்சு முடிச்சாகப் பெருகி வழியை நெருக்குகிறது. பிரேதப் பரிசோதனைகளைத் தொகுத்து 1984-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, ஐம்பதுகளில் இருக்கும் ஆண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இந்த வீக்கம் இருந்ததாகக் கண்டது. புற்றுநோயோ பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்புற ஓரத்தில் தோன்றுவது. மடையின் வாயில் மண் மேடிட்டால் நீர் உடனே தடைப்படும். கரையின் புறத்தே நண்டு வளை தோண்டினாலோ வெகுகாலம் ஒன்றும் தெரியாது. ஆகையால் அடைப்பின் கடுமையைக் கொண்டு புற்றுநோயை அளவிடுவது பிழையாகும்.

சாதாரண வீக்கத்தை நிச்சயிக்கச் சதைப் பரிசோதனை அவசியமே இல்லை என்பதைப் பலர் அறியார். நோயாளி சொல்லும் குறிகள், ஆசனவாய் வழியே விரலால் தொட்டுப் பார்த்தல், ஸ்கேன், நீர் பாயும் வேகம் ஆகியவையே அதற்குப் போதும். விரலுக்கு அகப்படும் சுரப்பி, கட்டைவிரலின் அடிச்சதையைப் போல் மெத்தென்று இருந்தால் ஆறுதல். விரல்கணுவைப் போல் கெட்டித்திருந்தால் சந்தேகம். பி.எஸ்.ஏ. என்னும் ரத்தப் பரிசோதனையில் ஒரு மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை. எனினும் வெறும் வீக்கத்திலும், கிருமித் தொற்றிலும், நீர்க்கட்டு ஏற்பட்ட நாட்களிலும் அது உயரக்கூடும். வீக்கத்தைக் குறைக்கும் ஃபினாஸ்டிரைடு போன்ற மாத்திரைகளைப் பல மாதம் உண்டவருக்கு அந்த எண் ஏறக்குறைய பாதியாகக் குறைந்து காட்டுமாதலால், அவற்றை உண்பதை வைத்தியரிடம் மறைக்கலாகாது.

இவற்றில் ஐயம் எழுந்தால் மட்டுமே, ஸ்கேனின் துணையோடு மெல்லிய ஊசியால், சாதாரணமாகப் பன்னிரண்டு இடங்களில் நூலிழை போன்ற சதை எடுக்கப்படுகிறது. கொள்முதல் நிலையத்தில் சாக்கின் வயிற்றில் இரும்புக் குழலைச் செருகி உள்ளிருக்கும் நெல்லைச் சிறிது இழுத்துப் பார்ப்பதை அறிந்த நம்மவர்க்கு, இதன் நியாயமும் குறையும் ஒருங்கே விளங்கும். குத்திய இடத்தில் பதர் இல்லையென்றால் மூட்டை முழுதும் நல்ல நெல் என்று சத்தியம் செய்ய இயலாது. அதனாலேயே ஒருமுறை தோஷமில்லை என்று வந்த பின்னும், ரத்த எண் ஏறிக்கொண்டே போனால் மறுபடி சதை எடுக்க நேரிடுகிறது.

எடுத்த சதை பார்மலினில் ஊறி, மெழுகில் பதிந்து, ஒரு மில்லிமீட்டரை இருநூற்றைம்பது பங்கிட்டால் வரும் ஒரு பங்கு கனத்தில் சீவப்பட்டு, நீலமும் ரோஜா நிறமும் ஏற்றப்பெற்று நுண்ணோக்கியின் கீழே வரும்போது, அங்கே தெரியும் காட்சி மெய்யாகவே வியப்புக்குரியது. சாதாரண வீக்கத்தில் சுரப்பிக் குழல்கள் பெரிதும் சிறிதுமாகப் பெருகியிருப்பினும், ஒவ்வொன்றையும் இரண்டு வரிசை உயிரணுக்கள் ஒழுங்காகச் சூழ்ந்து நிற்கும். புற்றுநோயில் வெளிவரிசை மறைந்துவிடுகிறது. சிறு குழல்கள் நெருக்கியடித்துக்கொண்டு அண்டைத் தசைக்குள் புகுந்து செல்கின்றன. அவ்வரிசை உண்டா இல்லையா என்று கண் தயங்கும் இடத்தில், அதை மட்டும் பழுப்பாகக் காட்டும் தனிச் சாயம் ஒன்று கைகொடுக்கிறது. ஓர் இழையை வைத்துக்கொண்டு ஒரு மனிதனின் பிற்காலத்தைப் பற்றிச் சொல்லத் துணியும் நோயியல் வல்லுநரை நோயாளி ஒருநாளும் நேரில் பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

வீக்கத்துக்காகச் செய்யும் அறுவை சிகிச்சைக்குப் பின்னும் இந்தச் சதைச் சோதனை உண்டு. தாரை வழியே கருவி செலுத்திச் சுரண்டியெடுக்கும் சதைச் சீவல்களை எடைபோட்டுச் சோதிக்கையில், எவரும் எதிர்பாராத புற்றுநோய் சில வேளை அகப்படுகிறது. அது சீவல்களில் ஐந்து சதவீதத்துக்கு மேற்படாமல், குணத்திலும் சாதுவாக இருந்தால் பெரும்பாலும் கண்காணித்து வருவதே போதும். அதற்கு மேற்பட்டால் கூடுதல் சோதனைகளும் சிகிச்சையும் யோசிக்கப்படும். ஆனால் நீர் வடிய வைத்த குழாயை எடுத்து, நீர் தாராளமாகப் பிரிந்தவுடன், நடவு காத்திருக்கிறதென்று ஊர் திரும்புகிறவர், சில நாள் கழித்து வரும் அந்த அறிக்கையை மறந்துவிடுகிறார். இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் இதே தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர், கண் வியாதிக்காரர்களின் கண்களைச் சித்திரமாக எழுதுவித்து வைத்த சிகிச்சைக் குறிப்புகள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்றும் உள்ளன. நம் வீட்டுப் பெரியவரின் சதை அறிக்கையோ, வாங்கப்படாமலே ஆஸ்பத்திரிக் காகிதக் கட்டுக்குள் கிடக்கிறது. அதைக் கேட்டு வாங்கி, அடுத்த முறை பார்க்கும் வைத்தியரிடம் காட்ட வேண்டியது மகனின் வேலை.